வேங்கைப் பாலில் ஒரு தேன்வேட்டை

வேங்கை மரத்தின் பட்டையில் ஒரு கீறல் விழுந்தால் ரத்தம் போலவே சிவப்பாகப் பால் கசியும்! உறைந்து கட்டியானதைத் தண்ணீரில் கரைத்தால் செம்பழுப்பு வண்ணம் தயார். முதல் பூச்சு இளம் டீயின் நிறம்; அதன்மேலேயே இன்னொரு பூச்சு, இன்னொன்று என்று ஏற்ற ஏற்ற நிறம் கறுத்துக்கொண்டே வரும். நீலகிரியின் கோத்தகிரி மலைச்சரிவில் வாழும் ஆலு குறும்பர் பழங்குடியினரின் இன்றைய ஓவியங்களில் தேன்வேட்டைக்காரர் கொடி ஏணியில் தொங்குவது இந்த வண்ணத்தில்தான். சட்டம் போட்டு மாட்டிய படத்தில் இந்தச் சமாச்சாரமெல்லாம் தெரியாது. அதனால்தான் நாம் பின்கட்டு வழியாக நுழைகிறோம்!

பழைய முறையில் வண்ணங்கள் மொத்தமே நான்கு. சிவப்புக்குச் செம்மண், வெள்ளைக்குப் போதி மண், கறுப்புக்குக் கரிமரத்தின் பட்டை, பச்சைக்குக் காட்டவரை இலை. கடை காடுதான். தூரிகையும் கிடையாது, ஒரு துணித்துண்டு போதும். கோயிலைக் கவனித்துக்கொள்ளும் வீட்டு ஆண்கள் சுவரில் படம் எழுத, பெண்கள் வாசலில் கோலமிடுவார்கள். இதற்கெல்லாம் மூத்தது வெள்ளரிக்கொம்பை என்ற ஊர் அருகே இருக்கும் எழுத்துப் பாறை. அங்குள்ள பழம்பெரும் பாறை ஓவியங்கள் தங்கள் முன்னோர் கைவேலை என்கிறார்கள் குறும்பர்கள்.

அந்த வெள்ளரிக்கொம்பைக்காரர்தான் ஆர். கிருஷ்ணன். ஊருக்குக் கிட்னா. சுவரில் இருந்த கலையைக் காகிதத்துக்கும் துணிக்கும் கொண்டுவந்து, வெளியுலகம் பார்க்கும்படி செய்தவர். மறைந்த பிறகு, 2026-இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. உயிரோடு இருக்கும்போதே கொடுத்திருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

அந்தப் பாணியின் உருவங்களைக் கிட்டப்போய்ப் பாருங்கள். நாலைந்து கோடு, அவ்வளவுதான் ஆள். ஆனாலும் யார் கூடை சுமக்கிறார், யார் ஆடுகிறார், யார் பாறை விளிம்பில் பெருந்தேன் அடைக்குக் கை நீட்டுகிறார் என்பது முதுகின் வளைவிலேயே தெரிந்துவிடும். பார்க்கப் பார்க்க அலுக்காது!

இந்தப் படங்கள் என்னை இவ்வளவு ஈர்ப்பதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. நீலகிரியில் குறும்பர்களைப் பற்றி மற்றவர்கள் தீட்டி வைத்த படம் மந்திரவாதி, சூனியக்காரன் என்பதுதான். விதைப்புச் சடங்குக்குக் குறும்பரை அழைத்த அக்கம்பக்கத்தாரே அவர்களைக் கண்டு அஞ்சவும் செய்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் சூனியச் சந்தேகத்தின் பேரில் கூட்டமாகவே கொல்லப்பட்டிருக்கிறார்கள். பிறகு காப்பியும் தேயிலையும் காட்டைத் தின்றன. காட்டுக்குச் சொந்தக்காரர்கள் எஸ்டேட் கூலிகளானார்கள். தலைமுறை தலைமுறையாக ஊர் நம்மைக் கண்டு ஒதுங்கினால் மனசு என்ன பாடுபடும்? குறும்பர் தாமே வரையும் படத்தில் அந்தச் சூனியக்காரன் இல்லை. தேன் இருக்கிறது, ஆட்டம் இருக்கிறது, மரங்களுக்கு நடுவே தன் வீடு இருக்கிறது. 'நான் இன்னார், இது என் இடம்' என்று இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

சென்னையின் சி.பி.ஆர். சுற்றுச்சூழல் கல்வி மையம் இக்கலையை மீட்கக் கைகொடுத்தது. இன்றும் குறும்பர்களில் இதைக் கற்று வரைபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் விரல்விட்டு எண்ணிவிடலாம். எஸ்டேட் கூலி தவறாமல் வரும், ஓவியம் எப்போது விற்கும் என்று யாருக்கும் தெரியாது.

ஆகவே, அடுத்த முறை ஊட்டிக்குப் போய் வர்க்கியும் சாக்லேட்டும் வாங்கினீர்களானால் கோத்தகிரிக்கும் ஒரு நடை போய் வாருங்கள். குறும்பர் ஓவியம் எங்கே கிடைக்கும் என்று விசாரியுங்கள். வரைந்தவர் பெயரைக் கேளுங்கள், முடிந்தால் அவரிடமே வாங்குங்கள். தயவுசெய்து பேரம் மட்டும் பேசாதீர்கள்!