ஹாண்டில்பார் மாற்றுகிறவர்களுக்கு

சென்ற மாதம் என் மருமான் தன் புல்லட்டைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். தில்லி கரோல் பாக்கில் உயரமான ஹாண்டில்பார் ஒன்றை வாங்கி மாட்டியிருந்தான். கண்ணாடி போல் பளபளவென்று குரோமிய முலாம். "எப்படி இருக்கு மாமா?" என்றான். அழகாகத்தான் இருந்தது. ஆனால் வண்டியைத் திருப்புவதற்காக ஹாண்டிலை இடப்பக்கம் முழுக்க வளைத்ததும், ஆக்சிலரேட்டரை அவன் தொடாமலே என்ஜின் சீறிற்று. ரயில்வே பணிமனையில் முப்பத்தைந்து வருஷம் என்ஜின் சத்தத்தோடு வாழ்ந்த காது எனக்கு. "முதலில் அதை அணைடா" என்றேன்.

காரணம் எளிது. ஆக்சிலரேட்டர் கேபிளில் வெளியே ஓர் உறை, உள்ளே கம்பி. ஹாண்டில்பார் உயர்ந்தால் கேபிள் போகவேண்டிய தூரமும் கூடுகிறது. பழைய கேபிள் போதாமல் விறைத்து நிற்கிறது. ஹாண்டிலைத் திருப்பும்போது உறை இழுபட்டு, உள்கம்பி தானே என்ஜினை முடுக்கிவிடுகிறது. நெரிசலான சந்தில் மெதுவாகத் திரும்பும்போது வண்டி முன்னே பாய்ந்தால் என்ன ஆகும்? டிஸ்க் பிரேக்கின் எண்ணெய்க் குழாய் இழுபடுவது இதைவிட மோசம். ஒவ்வொரு திருப்பத்திலும் அதன் இணைப்பு வதைபடும். எண்ணெய் கசிந்தால் முன்பிரேக் போயிற்று.

ஆகவே கம்பியை வாங்கும்போதே நீளமான கேபிள்களுக்கும் பிரேக் குழாய்க்கும் சேர்த்துப் பணம் எடுத்து வையுங்கள். கம்பியின் விட்டம் கிளாம்ப்புக்குச் சரியாக இருக்கவேண்டும். தகரத்தைச் சுற்றி இறுக்கித் தருகிறேன் என்கிற கடைக்காரரிடம் வாங்காதீர்கள். உட்கார்ந்து பிடித்தால் மணிக்கட்டு நேராகவும் முழங்கை சற்று மடங்கியும் இருக்கவேண்டும். கை தோளுக்கு மேலே போனால் அரைமணி நேரத்தில் மரத்துப்போகும்.

இனி மெருகு. குரோமிய முலாம் என்கிறோமே, பளபளப்பின் பெரும்பங்கு அடியிலுள்ள நிக்கலுடையது. மேலே இருக்கும் குரோமியம் பெரும்பாலும் அரை மைக்ரான்கூட இராது. நிக்கல் படலம் மெலிந்தால் ஒரே மழைக்காலத்தில் துருப்புள்ளிகள் எட்டிப்பார்க்கும். முலாம் போடுகிறவரிடம் நிக்கலைப் பற்றிக் கேளுங்கள். இன்னொன்று: உறுதிமிக்க எஃகு போல்ட், அச்சு ஆகியவற்றை அழகுக்காக முலாம் போடக் கொடுக்காதீர்கள். அமிலத்திலும் முலாம் தொட்டியிலும் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்துவிடும். உடனே அடுப்பில் பல மணி நேரம் சூடேற்றி அதை வெளியேற்றாவிட்டால், போல்ட் ஒருநாள் சொல்லாமல் முறியும்.

கறுப்பு வேண்டுமானால் பவுடர் கோட்டிங் நல்லது. தூளை மின்னேற்றித் தெளித்து, சுமார் 200 டிகிரி செல்சியஸில் சுடுவார்கள். பழைய முலாமின் வழவழப்பின்மேல் அது சரியாகப் பிடிக்காது, முதலில் உரித்தெடுக்கவேண்டும். கிளாம்ப் கவ்வும் இடத்தில் தடித்த பூச்சு கூடாது, நாளடைவில் நசுங்கிப் பிடி தளரும். சைலன்சருக்கு இது ஆகவே ஆகாது. வெப்பம் தாங்கும் வர்ணம் தனியே கிடைக்கிறது. ஜூன் மாதத் தில்லி வெயிலில் நின்ற கறுப்புக் கம்பியைத் தொட்டவர்களுக்கு வேறொன்றும் சொல்லவேண்டியதில்லை.

மருமான் ஹாண்டில்பாரை விடவில்லை. கேபிள்களையும் குழாயையும் மாற்றிக்கொண்டு அடுத்த ஞாயிறு வந்தான். ஸ்டாண்டில் நிறுத்தி, என்ஜினை ஓடவிட்டு, ஹாண்டிலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பச் சொன்னேன். சத்தம் மாறவில்லை. பிறகுதான் காபி கொடுத்தேன்.