கூரையில் பனல், கடையில் இருட்டு

2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, நண்பகலை அண்டிய நேரத்தில் இலங்கை முழுவதும் மின்சாரம் போனது. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததுதான் காரணம் என்று பொறுப்பான அமைச்சரே சொன்னபடியால் வெளிநாட்டுப் பத்திரிகைகள்கூட அதை எழுதிச் சிரித்தன. ஆனால் நம்மவர் சிலருக்குச் சிரிப்பு வரவில்லை. கூரை நிறையச் சோலர் பனல் பூட்டி, மாதாமாதம் தவணை கட்டிக்கொண்டிருந்தவர்களின் வீட்டிலும் கடையிலும்கூட அதே நேரத்தில் மின்விசிறி நின்றுவிட்டது. "வெயில் எறிக்குது, பனல் மேலே கிடக்குது, பிறகு ஏன் நானா கறண்ட் இல்லை?" என்று என்னிடம் வந்து கேட்டவர்கள் ஒருவர் இருவரல்ல.

பூட்டிக் கொடுத்தவர் ஏமாற்றிவிட்டார் என்று சிலர் கோபப்பட்டார்கள். அது நியாயமான கோபமல்ல. பொதுவாக நம்மிடம் விற்கப்படுவது 'ஒன்கிரிட்' என்னும் வகை. வெளிக்கம்பியில் மின்சாரம் இருந்தால்தான் அதன் இன்வேர்ட்டர் வேலை செய்யும். கம்பியில் மின்சாரம் நின்றால் ஒரு நொடிக்குள் தானும் நின்றுவிடும். அப்படித்தான் அது செய்யப்பட்டிருக்கிறது. இல்லாவிட்டால், கம்பி செத்துக் கிடக்கிறது என்று நம்பித் தூணில் ஏறும் ஊழியரின் உயிரை உங்கள் வீட்டுக் கூரையிலிருந்து போகும் மின்சாரமே குடித்துவிடும். ஆகவே ஒன்கிரிட் என்பது பில்லைக் குறைக்கும் ஏற்பாடு. இருட்டில் விளக்கெரிக்கும் ஏற்பாடு வேறு. அதற்குப் பற்றரி வேண்டும், பற்றரியோடு பேசத் தெரிந்த 'ஹைபிரிட்' இன்வேர்ட்டரும் வேண்டும்.

இருட்டைப் பற்றி யாழ்ப்பாணத்துக்கு யாரும் பாடம் சொல்லத் தேவையில்லை. 1990இல் போன மின்சாரம் வருடக்கணக்காக இந்தக் குடாநாட்டுக்குத் திரும்பவில்லை. ஜாம் போத்தலில் கொஞ்சம் மண்ணெண்ணெயும் பஞ்சும் போட்டுச் சிக்கன விளக்கு எரித்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டார்கள். அந்த வருடம் ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபடியால் இதில் பெரும்பகுதியை நாங்கள் புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் இருந்தபடி கேள்விப்பட்டதுதான். யுத்தம் முடிந்து சில வருடங்களின் பின்னர்தான் உயர் அழுத்தக் கம்பி கிளிநொச்சி வழியாகச் சுன்னாகம் வரை வந்து, யாழ்ப்பாணம் நாட்டின் பொது மின்வலையோடு மறுபடி சேர்ந்தது. சேர்ந்ததில் நன்மை பெரிது. ஆனால் பாணந்துறையில் குரங்கு பாய்ந்தால் சோனகதெருவில் விளக்கு அணைவதும் அதனோடு சேர்ந்து வந்ததுதான்.

2022ஐ எந்த வியாபாரியும் மறந்திருக்க மாட்டார். மார்ச் மாதக் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியால மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. ஏப்ரல் 3இல் ரமழான் பிறந்தது. மின்வெட்டோடுதான் நோன்பு திறந்தோம். ஜெனரேட்டர் வைத்திருந்தவருக்கும் டீசல் வரிசையில் நின்றால்தான் எண்ணெய். இறைச்சிக் கடைக்காரர், ஐஸ்கிறீம் விற்பவர், மின்மெஷினில் தைப்பவர் என்று ஒவ்வொருவரும் எவ்வளவு இழந்தார்கள் என்று யாரும் கணக்கெடுத்ததாகத் தெரியவில்லை. பிறகு அந்த வருடம் ஓகஸ்டில் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் 66 வீதமும் மின்கட்டணம் ஏறியது. சோலர் பக்கம் ஜனங்கள் ஓடியதற்குக் காரணம் இதுதான்.

ஓடிய வேகத்தில் ஒரு விடயத்தைக் கவனிக்கவில்லை. 2016இல் அரசாங்கம் 'சூரிய பல சங்கிராமய' திட்டத்தைத் தொடங்கியபோது, கூரையிலிருந்து வரும் ஒரு யூனிட்டுக்கு முதல் 7 வருடம் 22 ரூபா, அடுத்த 13 வருடம் 15 ரூபா 50 சதம் என்று விலை வைத்தது. அன்று பகல் மின்சாரத்துக்குத் தட்டுப்பாடு. இன்று வெயில் நேரத்தில், அதுவும் விடுமுறை நாட்களில், மின்சாரம் மிஞ்சுகிறது. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சோலர் வைத்திருப்பவர்கள் பிற்பகல் 3 மணிவரை அவற்றை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டது. சந்தையில் தக்காளி குவிந்த நாளில் என்ன விலை கிடைக்கும் என்பது நமக்குத் தெரியும். பகல் மின்சாரம் குவிந்த தக்காளியாகிக்கொண்டு வருகிறது. இரவு மின்சாரத்துக்குத்தான் கிராக்கி. பற்றரி என்பது அந்தத் தக்காளியை இரவுவரை கெடாமல் வைக்கும் களஞ்சியம். நீங்கள் விற்கும் விலை அன்றைய ஒப்பந்தத்தைப் பொறுத்தது. ஆகவே கையெழுத்திடும் நாளில் எழுத்தில் உள்ளதை வாசியுங்கள், பக்கத்து வீட்டுக்காரருக்குக் கிடைத்த விலையை நம்பி இறங்க வேண்டாம்.

சரி, எவ்வளவு வேண்டும்? கடைக்கு மேல் வீடு உள்ள ஒரு நடுத்தரக் குடும்பத்தின் இரவுக் கணக்கைப் பார்ப்போம். 60 வொட்ஸ் மின்விசிறி 3, எட்டு மணித்தியாலம்: ஏறக்குறைய ஒன்றரை யூனிட். 10 வொட்ஸ் எல்ஈடி விளக்கு 6, ஆறு மணித்தியாலம்: மூன்றில் ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல். குளிர்சாதனப் பெட்டி இரவுக்கு முக்கால் யூனிட். தொலைக்காட்சி, இன்டர்நெட் பெட்டி, போன் எல்லாம் சேர்ந்து அரை யூனிட்டுக்குள். மொத்தம் 3 யூனிட் என்று வையுங்கள். சந்தையில் வரும் 51.2 வோல்ட், 100 அம்பியர் லித்தியம் பற்றரியில் 5 யூனிட் அடங்கும். எண்பது வீதம் பாவித்தாலும் 4 யூனிட் எடுக்கலாம். இந்தக் குடும்பத்துக்கு அது ஒன்று போதும். இதையே ஈயப் பற்றரியில் செய்ய, 12 வோல்ட் 150 அம்பியர் பற்றரி நான்கு தேவை. ஏனென்றால் அதில் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறைந்துவிடும்.

இதில் ஏசியும் மின்அடுப்பும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அவற்றையும் பற்றரியில் ஓட்ட நினைத்தால் பட்ஜெட் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று போகும். கிணற்று மோட்டரை மத்தியான வெயிலில் போட்டுத் தாங்கியை நிரப்பி வைக்கும் பழக்கம் வந்தாலே பாதிப் பிரச்சினை தீரும். ஒரு குதிரைவலு மோட்டர் ஓடும்போது முக்கால் கிலோவொட்தான். ஆனால் புறப்படும் கணத்தில் அதைப்போல் பல மடங்கு இழுக்கும். இன்வேர்ட்டர் சிறிதானால் அந்த இடத்திலேயே படுத்துவிடும்.

பனல் கணக்கு சுலபம். நம் வெயிலுக்கு ஒரு கிலோவொட் பனல் நல்ல நாளில் 4 யூனிட் வரை தரும். கிழக்கு மேற்குப் பார்த்த கூரையானாலும் தரும். தெற்கே பத்துப் பாகை சரித்துப் பூட்டினால் சிறப்பு. ஐப்பசி, கார்த்திகை மழையில் மூன்றில் ஒன்றுகூட வராத நாட்கள் உண்டு. அந்த நாட்களில் கம்பி மின்சாரத்தில் பற்றரி ஏறும்படி இன்வேர்ட்டரை அமைத்து வைக்க வேண்டும். பனை மரத்தின் நிழல் ஒரு பனலின் மூலையில் விழுந்தாலும் அந்த வரிசை முழுவதுமே சோர்ந்துவிடும். காலை 9 மணிக்கும் மாலை 3 மணிக்கும் நீங்களே கூரையில் ஏறி நிழலைப் பாருங்கள்.

லித்தியமா, ஈயமா என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய இரும்பு வியாபாரியாக என் பதில் இது. ஈயப் பற்றரி செத்த பிறகும் நிறைக்கு விலை போகும். லித்தியம் பெட்டி செத்தால் இன்று என் தராசில் அதற்கு மதிப்பில்லை. ஆனாலும் லித்தியமே வாங்குங்கள் என்பேன். ஒழுங்காகப் பாவித்தால் அது சில ஆயிரம் தடவை ஏறி இறங்கும். ஈயம் நம் வெக்கையில் சில வருடத்திலேயே களைத்துவிடும். ஈயம்தான் கைக்கு எட்டும் என்றால், லொறிப் பற்றரியை வாங்கிவிடாதீர்கள். அது எஞ்சினை ஒருமுறை உதைக்கப் பிறந்தது, இரவு முழுவதும் மெல்லக் கொடுக்கப் பிறந்ததல்ல. குழாய்த் தகடு வகையைக் கேட்டு வாங்குங்கள். அதற்குள் கிணற்றுத் தண்ணீர் ஊற்றவே கூடாது. நம் தண்ணீர் சுண்ணாம்புப் பாறைத் தண்ணீர். கேத்திலின் அடியைச் சுரண்டிப் பார்த்தால் தெரியும். பனலைக் கழுவவும் அதே கதைதான். கிணற்று நீர் பனலில் காய்ந்தால் வெள்ளைப் படலம் ஒட்டிக்கொள்ளும். சேமித்த மழைநீர் நல்லது. கிணற்று நீர்தான் என்றால் விடியற்காலையில் கழுவி, காயுமுன் துடைத்துவிடுங்கள்.

குருநகர், நாவாந்துறை, பருத்தித்துறை போன்ற கடற்கரைப் பக்கத்தில் சாதாரண இரும்புச் சட்டத்தை உப்புக் காற்று தின்றுவிடும். அலுமினியமும் கறைபிடிக்காத உருக்கு ஆணியும் கேளுங்கள். அறிந்தே இரும்பைப் பூட்டிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. பனலுக்கு 25 வருட உத்தரவாதம் என்பார்கள், சட்டத்துக்கு என்ன உத்தரவாதம் என்றால் பேச்சை மாற்றுவார்கள்.

குடாநாட்டிலேயே பார்த்துப் படிக்கவும் இடமிருக்கிறது. பொது மின்வலை எட்டாத எழுவைதீவில் காற்றாடி, சோலர், பற்றரி, டீசல் நான்கையும் சேர்த்து ஊருக்கு மின்சாரம் கொடுக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்குமான திட்டம் முதலில் ஒரு சீன நிறுவனத்துக்குப் போய், இந்தியாவின் ஆட்சேபத்தால் நின்று, பின்னர் இந்திய அரசின் நன்கொடையில் 2024 மார்ச்சில் ஒப்பந்தமானது. அதிலும் 1,700 கிலோவொட் சோலரோடு 2,400 யூனிட் கொள்ளும் பற்றரியைச் சேர்த்தே போட்டிருக்கிறார்கள். அரசாங்கங்களே பற்றரி இல்லாமல் தீவை நம்பவில்லை.

பணத்துக்கு வருவோம். வட்டிக் கடனுக்குப் போகத் தயங்குபவர்கள் கைக்காசு சேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வங்கி பொருளை வாங்கி, லாபத்தை வெளிப்படையாகச் சொல்லி, தவணைக்கு விற்கும் முராபஹா முறை சோலருக்கும் பொருந்தும். கேட்க வேண்டியது: பொருள் உண்மையில் முதலில் வங்கியின் கைக்கு வருகிறதா, தவணை பிந்தினால் என்ன செய்வார்கள் என்பவைதான். முதல் வருடத்தில் பணம் முடையானால் ஹைபிரிட் இன்வேர்ட்டரை மட்டும் இப்போது பூட்டி, பற்றரியைப் பிறகு சேர்க்கலாம். அதற்கு இடம் விட்ட இன்வேர்ட்டர் மாதிரிதானா என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

பூட்டும் நாளில் நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள். மின்வெட்டின்போது ஓட வேண்டியவற்றைத் தனிக் கம்பியில் பிரித்து, இன்வேர்ட்டரின் அவசர வாயிலில் கொடுக்கச் சொல்லுங்கள். ஜெனரேட்டரும் வைத்திருப்பவர்கள் மாற்று ஆளி போடாமல் அதைச் சுவர்ப் பிளக்கில் குத்தக் கூடாது. எல்லாம் முடிந்ததும், காசு கொடுக்குமுன், மீற்றருக்குப் பக்கத்திலுள்ள பெரிய ஆளியை நீங்களே அணையுங்கள். குளிர்சாதனப் பெட்டி தொடர்ந்து ஓடினால் மீதிக் காசைக் கொடுங்கள்.