வகுப்பில்லா வகுப்புகள்: கூலியாகக் கொடுக்கப்பட்ட கல்வி

2009 நவம்பரில், அமெரிக்காவின் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் சப்பல் ஹில் வளாகத்தில், உதைபந்தாட்டப் பயிற்றுநர்களுக்கு ஒரு விளக்கக் கூட்டம் நடந்தது. (உதைபந்தாட்டம் என்று இங்கே சொல்வது முட்டைவடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஆட்டத்தை.) நடத்தியவர்கள், விளையாட்டு வீரர்களின் படிப்பைக் கவனிப்பதற்கென நியமிக்கப்பட்ட ஆலோசகர்கள். அவர்கள் திரையிற் காட்டிய குறிப்பின் சாரம் இது: நமது வீரர்களைச் சில வகுப்புகளிற் சேர்த்துவந்தோம், அங்கே வகுப்புக்குப் போகவேண்டியதில்லை, குறிப்பெடுக்க வேண்டியதில்லை, விழித்திருக்கவும் வேண்டியதில்லை, பேராசிரியரைச் சந்திக்க வேண்டியதில்லை, அந்த வகுப்புகள் இனி இல்லை. அவற்றில் வீரர்களின் சராசரிப் புள்ளி நாலுக்கு 3.61. ஏனையவற்றில் 1.917. எச்சரிக்கை பலித்தது. அந்தப் பருவத்தில் அணியின் சராசரி 2.121 ஆக இறங்கியது. பத்து ஆண்டுகளில் அதுவே மிகக் குறைவு.

மறைக்கவேண்டிய ஒன்றை இப்படித் திரையிலே போட்டுக் காட்டுவதற்கு ஒரு நிறுவனத்துக்கு எவ்வளவு காலப் பழக்கம் வேண்டும்! பதினெட்டு ஆண்டுப் பழக்கம் என்று 2014 ஒக்ரோபரில் வெளியான வெயின்ஸ்ரைன் விசாரணை அறிக்கை சொல்லிற்று. 1993இலிருந்து 2011வரை 3,100க்கு மேற்பட்ட மாணவர்கள் இவ்வகுப்புகளில் ஒன்றையேனும் எடுத்திருக்கிறார்கள். மாணவர் தொகையில் ஏறத்தாழ 4 வீதமேயான விளையாட்டு வீரர்கள், இவ்வகுப்புகளின் பதிவுகளில் 47 வீதத்துக்கும் மேல்.

பொறிமுறை மிக எளிமையானது. ஆபிரிக்க, ஆபிரிக்க-அமெரிக்கக் கற்கைகள் துறையில் ‘சுயாதீனக் கற்கை’ என்றொரு ஏற்பாடு இருந்தது. விரிவுரை இல்லை, ஆசிரியரின் வழிகாட்டலில் ஒரு கட்டுரை எழுதவேண்டும். வழிகாட்டும் ஆசிரியர் காலப்போக்கில் மறைந்துபோனார். துறையின் நிர்வாக அலுவலர் டெபோரா குரோடர் பதிவு செய்தார், தலைப்புக் கொடுத்தார், புள்ளியும் இட்டார். கட்டுரைக்கு வேண்டிய நீளம் இருக்கிறதா என்று பார்ப்பார்; முன்னுரையையும் முடிவுரையையும் வாசிப்பார்; உயர்ந்த புள்ளி விழும். சுயாதீனக் கற்கையை ஒரு பட்டத்துக்கு இத்தனை அலகுக்கு மேற் சேர்க்கமுடியாது என்ற விதி குறுக்கே நின்றபோது, அதே ஏற்பாடு ‘விரிவுரைப் பாடநெறி’ என்ற பெயரில் அட்டவணையில் ஏறியது. நேரசூசியில் வகுப்பு உண்டு. மண்டபத்தில் யாரும் இல்லை. 2009இல் குரோடர் ஓய்வுபெற்றார். அதன் பின்பும் துறைத்தலைவர் ஜூலியஸ் நியாங்கோரோ, உதைபந்தாட்ட ஆலோசகர்களின் வேண்டுகோளுக்கிணங்கி மேலும் சில வகுப்புகளை நடத்தினார்.

குரோடரை ஒரு வில்லியாக வரைவது சுலபம். அறிக்கை அப்படி வரையவில்லை. அதே பல்கலைக்கழகத்தில் மாணவியாக இருந்தபோது தான் கைவிடப்பட்டதாக உணர்ந்தவர், தடுமாறும் பிள்ளைகளுக்கு உதவுகிறேன் என்றே எண்ணியிருக்கிறார். இரக்கம் ஒரு முறைமையின் எண்ணெயாக மாறும் விதத்தை இதனிலும் தெளிவாக நான் கண்டதில்லை.

முறைமை என்று ஏன் சொல்கிறேன்? தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் விதிப்படி, ஆடவேண்டுமானால் வீரர் முழுநேர மாணவராகப் பருவமொன்றுக்குக் குறைந்தது 12 அலகு படிக்கவேண்டும். பட்டத்தின் 40 வீதம் இரண்டாம் ஆண்டு முடிவிலும், 60 மூன்றாம் ஆண்டிலும், 80 நாலாம் ஆண்டிலும் முடிந்திருக்கவேண்டும். மறுபுறத்தில் பயிற்சிக்கு வாரம் 20 மணித்தியாலம் என்று வரம்பு; அதிலே பயணம் சேராது, ஒரு போட்டி எவ்வளவு நேரம் எடுத்தாலும் 3 மணித்தியாலம் என்றே கணக்கு. இரண்டு விதிகளும் ஒரே உடலின் மீது விழுகின்றன. பாடசாலையிலேயே பின்தங்கிய ஒருவனை அவனது ஆட்டத்துக்காக எடுத்துக்கொண்டு, இந்த இரண்டையும் அவன் தலையில் வைத்தால், எங்கோ ஓரிடத்தில் ஒரு பொய் தேவைப்படும். படிப்பு உதவி நிலையம் அந்தப் பொய்க்குப் பக்கத்து அறை ஆகிவிடுகிறது. உண்மையான உதவி, ஒருவனுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுப்பது, வருடக்கணக்கில் எடுக்கும். பருவமோ பதினைந்து கிழமை.

‘மாணவ விளையாட்டு வீரர்’ என்ற சொல்லையும் கவனிக்கவேண்டும். 1955இல் கொலராடோவில் ரே டெனிசன் என்ற ஆட்டக்காரர் தலையில் அடிபட்டு இறந்தார். மனைவி தொழிலாளர் நட்டஈடு கேட்டார். 1957இல் மாநில உயர்நீதிமன்றம், அவர் தொழிலாளி அல்லர் என்று மறுத்தது. அந்தக் காலத்திலேயே சங்கத்தின் தலைமை நிர்வாகி வோல்ட்டர் பையர்ஸ் இச்சொல்லைப் புகுத்தினார். ஊழியர் என்ற கேள்வி எழாதிருக்கவே அது ஆக்கப்பட்டது என்பதைப் பின்னாளில் அவரே எழுதினார். ஆட்டத்துக்குக் கூலி பணமல்ல, கல்வி. ஆக, போலி வகுப்பு என்பது பரீட்சை மோசடி மாத்திரமல்ல, கூலித் திருட்டு. கம்பனிக் கடையில் மட்டும் செல்லுபடியாகும் சீட்டைச் சம்பளமாகக் கொடுத்த முதலாளியாவது கடையிற் சாமான் வைத்திருந்தான்.

இதைப் பேசியபோது நண்பர்கள் சிலர் மறுத்தார்கள். கறுப்பின இளைஞர்களை மைதானத்திலே சுரண்டிவிட்டு, மத்தியதர வர்க்கத்தின் பரீட்சைத் தராசில் அவர்களை நிறுக்கவேண்டுமா, சும்மா ஒரு பட்டத்தைக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்பது அவர்களது வாதம். நானும் ஒரு காலத்தில் விடைத்தாள் திருத்தியவன். தராசு நேரானது என்று சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் இப்போது தொழிற்சாலையிலே பட்டியில் வரும் பெட்டிகளை அடுக்குகிறேன். இங்கே என்னோடு நிற்பவர்களுக்குப் பட்டம் என்ற கடதாசி எந்தக் கதவையும் திறப்பதில்லை. அதன் பின்னால் மொழியும் தொழிலறிவும் இருந்தால் சிலவேளை திறக்கும். கடதாசியைக் கொடுத்துவிட்டு அறிவை வைத்துக்கொள்வது தாராளமல்ல. இன்னொன்று: 1960களின் இறுதியில் கறுப்பின மாணவர்கள் நாடெங்கும் போராடிக் கேட்ட கற்கைத்துறை இது. அந்தத் துறைதான் குப்பைக்கூடையாக்கப்பட்டது. அவமானமும் அதன் மீதே விழுந்தது. அரங்குக்குச் சீட்டு விற்றவர்கள் மீதல்ல.

கூலி என்ற பார்வையை நீதிமன்றமும் ஒருமுறை தொட்டது. கெவின் றொஸ் 1978 முதல் 1982 வரை கிறெய்ற்றன் பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்தாடினார். குறிபார்த்துச் சுடுதல், கூடைப்பந்தாட்டக் கோட்பாடு போன்றவை அவருடைய பாடங்கள். வெளியேறியபோது அவரது மொழித்திறன் நாலாம் வகுப்பு மட்டம், வாசிப்பு ஏழாம் வகுப்பு. பின்னர் சிக்காகோவில் சிறுபிள்ளைகளோடு ஒரே பாடசாலையில் இருந்து படித்தார். 1992இல் கூட்டாட்சி மேன்முறையீட்டு நீதிமன்றம், மோசமாகக் கற்பித்ததற்கு வழக்கில்லை என்றது; ஆனால் குறித்த உதவிகளை வாக்களித்துவிட்டு அவற்றை அறவே கொடுக்காதிருந்தால் அது ஒப்பந்த மீறலாகலாம் என்றது.

சப்பல் ஹில்லில் இது நடக்கவில்லை. பகிரங்கமாகப் பேசிய கற்றல் நிபுணர் மேரி வில்லிங்ஹாம் 2014இல் வேலையை விட்டார். தரச்சான்று வழங்கும் அமைப்பு 2015இல் பல்கலைக்கழகத்தை ஓராண்டு கண்காணிப்பில் வைத்தது. விளையாட்டுச் சங்கமோ 2017 ஒக்ரோபரில், கல்வி தொடர்பான தன் விதிகள் மீறப்பட்டதாக முடிவுசெய்ய முடியாது என்றது. காரணம், அவ்வகுப்புகள் வீரர்களுக்கு மட்டுமன்றி எல்லா மாணவர்களுக்கும் திறந்திருந்தன. மற்றப் பிள்ளைகளையும் சேர்த்து ஏமாற்றியதே பல்கலைக்கழகத்தின் தற்காப்பாயிற்று.

2025 ஜூலையிலிருந்து பல்கலைக்கழகங்கள் வீரர்களுக்கு நேரடியாகவே பணம் கொடுக்கலாம். முதலாண்டில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு உச்சவரம்பு ஏறத்தாழ 2 கோடி 5 இலட்சம் டொலர். அதிற் பெரும்பங்கு உதைபந்தாட்டத்துக்கும் ஆண்கள் கூடைப்பந்தாட்டத்துக்கும் போகிறது. பருவமொன்றுக்கு 12 அலகு என்ற விதி அப்படியே இருக்கிறது.