எலும்புக்கூடுகள் கற்பிக்கும் இலக்கணம்

ஸ்பானிய மொழி 20 நாடுகளின் ஆட்சிமொழி என்பதால், அதைக் கற்பிக்க முனையும் ஆசிரியர் எவரும் எந்த நாட்டின் ஸ்பானியத்தை, எந்த மக்களின் வாழ்க்கையோடு சேர்த்துக் கற்பிப்பது என்ற கேள்வியைத் தொடக்கத்திலேயே எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது. பாடநூல் உரையாடல்கள் இக்கேள்வியைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடுகின்றன. அவற்றில் வரும் மனிதர்கள் ஊரும் உறவும் சொல்லப்படாதவர்களாக, உணவகத்தில் உணவு கேட்கவும் ரயில் நிலையத்துக்கு வழி விசாரிக்கவும் மட்டுமே வாய் திறக்கிறார்கள். அயல்மொழிகளில் ஸ்பானியமே மிகுதியாகக் கற்கப்படும் அமெரிக்கப் பள்ளிகளில் இந்தக் குறையை ஈடுசெய்ய ஆசிரியர்கள் நாடும் கருவிகளுள் அனிமேஷன் படம் முக்கியமானது.

நடிகர்கள் தோன்றும் படத்தைவிட அனிமேஷன் படம் மொழி கற்போருக்கு ஏற்றதாக அமைவதற்குக் காரணங்கள் உண்டு. அதன் வசனங்கள் ஒலிப்பதிவுக் கூடத்தில் தனியே பதியப்படுவதால் தெருவோசையில் சொற்கள் கரைந்துபோவதில்லை. முகபாவமும் கையசைவும் சற்று மிகைப்படுத்தி வரையப்படுவதால், சொல் புரியாத இடத்திலும் பொருள் பிடிபடுகிறது. மொழியாசிரியர்கள் அடிக்கடி மேற்கோள் காட்டும் ஸ்டீபன் கிராஷன் என்ற அமெரிக்க மொழியியலாளர், கற்பவர் தம் நிலைக்குச் சற்றே மேற்பட்ட மொழியைப் பொருள் விளங்கும் வகையில் கேட்கும்போதே மொழி உள்ளே படிகிறது என்றும், அச்சமும் கூச்சமும் அந்தப் படிதலைத் தடுக்கின்றன என்றும் கருதினார். அவருடைய கோட்பாட்டை முழுமையாக ஏற்காதவர்களும், நல்ல கதை மாணவரின் கூச்சத்தைக் குறைக்கிறது என்பதை மறுக்க முடியாது.

ஆயினும் படத்தை ஓடவிட்டுவிட்டு ஆசிரியர் ஒதுங்கிக்கொள்வது கற்பித்தல் ஆகாது. ஒன்றே முக்கால் மணி நேரப் படத்தை வகுப்பில் முழுவதுமாகக் காட்டினால் இரண்டு மூன்று பாடவேளைகள் கரைந்துவிடும். அதே படத்தின் ஐந்து நிமிடக் காட்சி ஒன்றை மூன்று முறை காட்டி, முதன்முறை கதைக்காகவும், இரண்டாம் முறை சொற்களுக்காகவும், மூன்றாம் முறை இலக்கணத்துக்காகவும் கவனிக்கச் செய்தால் கிடைக்கும் பயன் பன்மடங்கு. திரையின் அடியில் ஓடும் எழுத்துகளிலும் இதே விழிப்பு தேவை. தாய்மொழியில் எழுத்து ஓடினால் கண் வாசிக்கத் தொடங்கிவிடும், காது ஓய்வெடுத்துக்கொள்ளும். ஸ்பானிய ஒலிக்கு ஸ்பானிய எழுத்தையே துணைவைத்தால், ஒன்றாகக் கலந்து ஒலித்த பேச்சு தனித்தனிச் சொற்களாகப் பிரிந்து தெரியத் தொடங்கும்.

வசனமே இல்லாத குறும்படமும் இப்பணிக்கு உதவும். அமெரிக்க மொழியாசிரியர் ஆஷ்லி ஹேஸ்டிங்ஸ் வகுத்த 'மூவிடாக்' என்ற முறையில், ஆசிரியர் படத்தின் ஒலியை அடக்கிவிட்டு, காட்சிகளை நிறுத்தி நிறுத்தி எளிய ஸ்பானியத்தில் தாமே கதை சொல்லி, இடையிடையே கேள்வி கேட்கிறார். இதற்குப் பொருத்தமான படங்களுள் ஒன்று, ஸ்பெயின் நாட்டு அனிமேஷன் கலைஞர் ரோட்ரிகோ பிளாஸ் 2009-இல் இயக்கிய 'அல்மா'. பனி படர்ந்த தெருவொன்றில் நடந்துவரும் சிறுமி, குழந்தைகள் தம் பெயர்களைக் கிறுக்கியிருக்கும் சுவரில் தன் பெயரையும் எழுதுகிறாள், எதிரே உள்ள கடையின் கண்ணாடிக்குப் பின்னால் தன்னைப் போலவே இருக்கும் பொம்மையைக் காண்கிறாள், உள்ளே நுழைகிறாள். அச்சிறுமியின் பெயரான 'அல்மா' ஸ்பானிய மொழியில் ஆன்மாவைக் குறிப்பது என்பதை ஆசிரியர் படம் முடிந்தபின் சொன்னால், ஐந்து நிமிடக் கதை முழுவதும் வேறொரு பொருள் கொள்கிறது. அதே சொல் ஓர் இலக்கண நுட்பத்தையும் கொண்டுவருகிறது. அது பெண்பாற்சொல்லே எனினும், அழுத்தம் பெற்ற 'அ' ஒலியில் தொடங்குவதால், ஒருமையில் ஆண்பாற்சொற்களுக்கு வரும் 'எல்' என்ற சுட்டுச்சொல்லையே ஏற்கிறது. பட்டியலில் விதிவிலக்காகப் படித்து மறக்கப்படும் இச்செய்தி, பொம்மைக்குள் சிறைப்பட்ட சிறுமியோடு சேர்ந்து வரும்போது எளிதில் நினைவைவிட்டு அகல்வதில்லை.

முழுநீளப் படங்களில், பிக்சார் நிறுவனத்துக்காக லீ அன்கிரிச் இயக்கி, ஏட்ரியன் மோலினா இணைந்து இயக்கி 2017-இல் வெளிவந்த 'கோக்கோ' அளவுக்கு இவ்வகுப்பறைகளுக்குப் பொருந்திவரும் படம் வேறொன்றைக் காட்டுவது கடினம். இசையை விலக்கிவைத்த செருப்புத் தைக்கும் குடும்பத்தில் பிறந்த மிகேல் என்ற சிறுவன், மறைந்த பாடகர் ஒருவரின் கிதாரை அவருடைய கல்லறை மண்டபத்திலிருந்து எடுத்து மீட்டியதும், எலும்புக்கூடுகளாக வாழும் முன்னோர்களின் உலகுக்குள் சென்றுவிடுகிறான். ஸ்பானியத்தில் இறந்தகாலம் இருவகைப்படும்: நடந்து முடிந்த செயலைச் சொல்வது ஒன்று, வழக்கமாகவோ தொடர்ச்சியாகவோ நிகழ்ந்துகொண்டிருந்ததைச் சொல்வது மற்றொன்று. பாட்டி இசையை வெறுத்துவந்தாள் என்பதற்கு இரண்டாம் வகையும், மிகேல் கிதாரை எடுத்தான் என்பதற்கு முதல் வகையும் தேவைப்படுவதால், இக்கதையைத் திருப்பிச் சொல்ல முயலும் மாணவர் இவ்வேறுபாட்டை ஒவ்வொரு வாக்கியத்திலும் தேர்ந்தாக வேண்டும்.

இதனினும் ஆழமானது, 'இருத்தல்' என்ற பொருளில் வரும் 'செர்', 'எஸ்தார்' என்னும் இரு வினைகளின் சிக்கல். நிலையான தன்மைக்குச் 'செர்', தற்காலிக நிலைக்கு 'எஸ்தார்' என்று தொடக்க வகுப்புகளில் கற்பிப்பது வழக்கம். ஆனால் ஒருவர் இறந்துவிட்டார் என்பதை ஸ்பானியர் 'எஸ்தா முயெர்தோ' என்று 'எஸ்தார்' வினையால்தான் சொல்கிறார்கள். இறப்பினும் நிலையானது எது என்று மாணவர் வியக்கும் இடம் இது. ஒரு மாற்றத்தின் விளைவாக வந்து சேர்ந்த நிலையை 'எஸ்தார்' குறிக்கிறது, அந்நிலை நீடிக்குமா நீடிக்காதா என்பது அதன் கவலையன்று என்பதே உண்மையான விளக்கம். இறந்தவர்கள் ஆடிப் பாடி வழக்காடும் திரைக்கதையைப் பார்த்துக்கொண்டே இவ்விளக்கத்தைப் பெறும் மாணவர், அரைகுறை விதியைக் கைவிட்டுச் சரியான விதியைப் பற்றிக்கொள்கிறார்.

பண்பாட்டைக் கற்பிப்பதற்கு, அந்நிய மொழிக் கற்பித்தலுக்கான அமெரிக்க மன்றம் பயனுள்ள பாகுபாடு ஒன்றை முன்வைக்கிறது. ஒரு மக்கள் உருவாக்கிய பொருள்கள், அவர்களுடைய வழக்கங்கள், அவற்றுக்குப் பின்னுள்ள நோக்குகள் என அது மூவகைப்படும். 'கோக்கோ'வில் முதலிரண்டும் கண்ணுக்கு நேரே தெரிகின்றன: மறைந்தோரின் படங்களும் அவர்களுக்குப் பிடித்த உணவும் வைக்கப்படும் 'ஒஃப்ரெந்தா' என்ற படையல் மேடை, நவம்பர் முதல் இரு நாள்களில் முன்னோர் நாளையொட்டி வீடுகளும் கல்லறைகளும் அலங்கரிக்கப்படும் வழக்கம், இறந்தவர்க்கு வழிகாட்டுவதாக நம்பப்படும் 'செம்பசூச்சில்' மலரின் இதழ்கள். செண்டுமல்லி என்று தமிழர் மாலை தொடுக்கும் பூ இதுவே. அதன் தாயகம் மெக்சிகோ என்பது தமிழ் வாசகர் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். நினைவில் வைத்திருக்கும் வரை மறைந்தவர் குடும்பத்தின் உறுப்பினரே என்ற நோக்குதான் மூன்றாவது. அதைத் திரை சுட்டிக்காட்டலாம், விளக்க வேண்டியவர் ஆசிரியர்.

எது மரபு, எது கற்பனை என்று பிரித்துக் காட்டும் பொறுப்பும் ஆசிரியருடையதே. உரோமமற்ற 'சோலோ' நாய் இறந்தவரை மறுவுலகுக்கு அழைத்துச் செல்லும் என்பது பழைய மெக்சிகோவின் நம்பிக்கை. ஆனால் படத்தில் வழிகாட்டும் ஆவிகளாகப் பறக்கும் 'அலெப்ரிஹே' விலங்குகளுக்கும் முன்னோர் நாளுக்கும் மரபுத் தொடர்பு இல்லை. அவை 1930-களில் மெக்சிகோ நகரின் காகிதக்கூழ்க் கலைஞர் பெத்ரோ லினாரெஸ் படைத்த உருவங்கள், பின்னர் ஒஹாக்கா பகுதியில் மரச்சிற்பங்களாக வளர்ந்தவை. விழாவின் பெயரைச் சுற்றி எழுந்த சர்ச்சையும் வகுப்பில் பேசத்தக்கது. 2013-இல் பிக்சாரின் தாய் நிறுவனமான டிஸ்னி, முன்னோர் நாளைக் குறிக்கும் 'தியா தே லோஸ் முயெர்தோஸ்' என்ற பெயருக்கே வணிக முத்திரை உரிமை கோரியது. கண்டனம் எழுந்ததும் அதைத் திரும்பப் பெற்றது. அப்போது கடுமையான கேலிச்சித்திரம் வரைந்த லாலோ அல்கராஸ் பின்னர் இப்படத்துக்கே பண்பாட்டு ஆலோசகரானார்.

மெக்சிகோ ஒன்றே ஸ்பானிய உலகம் ஆகிவிடாமல் காப்பதற்கும் அனிமேஷன் படங்களே உதவுகின்றன. உலகின் முதல் முழுநீள அனிமேஷன் படமாகக் கருதப்படும் 'எல் அப்போஸ்தோல்' 1917-இல் அர்ஜென்டினாவில் கிரினோ கிறிஸ்தியானி எடுத்தது. அதன் பிரதி எதுவும் இன்று எஞ்சவில்லை. அந்நாட்டு இயக்குநர் ஹுவான் ஹோசே கம்பனேயா 2013-இல் எடுத்த படத்தின் பெயர் 'மெதெகோல்', அதாவது மேசைக் கால்பந்து. அதே படம் ஸ்பெயினில் 'ஃபுட்போலின்' என்று வெளியானது, ஏனெனில் அங்கே அவ்விளையாட்டின் பெயர் அது. அர்ஜென்டினர் நெருங்கியவரை அழைக்க 'தூ' என்பதற்குப் பதிலாக 'வோஸ்' என்பதைப் பயன்படுத்துகிறார்கள். வினைமுற்றும் அதற்கேற்ப மாறுகிறது. கொலம்பியாவின் சில பகுதிகளிலோ நீங்கள் என்ற மரியாதைப் பொருளுடைய 'உஸ்தெத்' வீட்டுக்குள்ளும் வழங்குகிறது. கொலம்பியாவைக் களமாகக் கொண்ட 'எங்காந்தோ' படத்தைப் பார்க்கும் வகுப்பில் இதைச் சொல்லிவைப்பது நலம்.

ஹாலிவுட் படங்களுக்கு ஸ்பெயினுக்கு ஒன்றும் லத்தீன் அமெரிக்காவுக்கு ஒன்றுமாக இரு குரல் வடிவங்கள் இருப்பது ஆசிரியருக்குக் கிடைத்த அரிய கருவி. ஒரே காட்சியை இரு வடிவங்களிலும் கேட்கும் மாணவர், கார் ஓரிடத்தில் 'கோச்சே', மற்றோரிடத்தில் 'கார்ரோ' என்பதையும், நண்பர் பலரை விளிக்கும் 'வொசோத்ரோஸ்' என்ற சொல் கடல் கடந்தால் மறைந்துவிடுவதையும் நேரடியாகக் காண்கிறார். 2004-இல் 'இன்கிரெடிபிள்ஸ்' படத்துக்கு அர்ஜென்டினப் பேச்சில் தனி வடிவமே உருவானது.

இவ்வளவுக்கும் பிறகு வகுப்பு மெக்சிகோவுக்குத் திரும்பும்போது, மாணவர் இன்னொரு கேள்வியைச் சந்திக்கலாம். முன்னோர் நாளையொட்டி மெக்சிகோ நகரத்தில் எலும்புக்கூட்டு வேடமணிந்தோர் பெருந்திரளாகச் செல்லும் ஊர்வலம், யுனெஸ்கோ 2008-இல் தன் பட்டியலில் சேர்த்த அந்தத் தொன்மையான விழாவின் பழமையான பகுதி என்றே பார்ப்பவர் எண்ணக்கூடும். உண்மையில் அது 2016-இல்தான் தொடங்கியது. முந்தைய ஆண்டு வெளிவந்த 'ஸ்பெக்டர்' என்ற ஜேம்ஸ் பாண்ட் படத்தின் தொடக்கக் காட்சிக்காகப் புனையப்பட்ட ஊர்வலத்தைத் தழுவி நகர நிர்வாகம் அதை நடத்தியது. இப்போது அங்கே குடும்பங்கள் குழந்தைகளோடு தெருவோரத்தில் காத்திருந்து அதைப் பார்க்கின்றன.