பாகம் பாகமாக ஒரு மெஷின் வாள்

குமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனை, கடையால் பக்கத்தில் ரப்பர் விளை வைத்திருப்பவர்களுக்கு மெஷின் வாளின் இரைச்சல் பழகிப்போன ஒன்று. இருபத்தைந்து முப்பது வருடம் பால் தந்த மரத்தைக் கடைசியில் மிச்சப் பாலையெல்லாம் எடுக்கும் சிலாட்டர் வெட்டுக்கு விட்டு, பிறகு தடிக்காகக் கொடுத்துவிட்டு மறுநடவு செய்வது இங்கே வழக்கம். 2017 நவம்பர் 30 அன்று வீசிய ஒக்கி புயல் இந்தக் கணக்கையெல்லாம் பார்க்கவில்லை. பால் வெட்டத் தொடங்கிய இளமரமும் மூட்டோடு சாய்ந்தது. வீட்டு வழியையும் ரோட்டையும் அடைத்துக் கிடந்த மரங்களை அறுத்து விலக்க ஆள் தேடி அலைந்தவர்களில் பலருக்கு, சொந்தமாக ஒரு மெஷின் இருந்தால் என்ன என்ற எண்ணம் அப்போதுதான் வந்தது.

அதற்கு மூன்று வழிகள் உண்டு. கம்பெனி மெஷினை முழு விலை கொடுத்து வாங்கலாம். கடைகளில் தொங்கும் 52, 58 சிசி சீன மெஷினை மலிவாக வாங்கலாம். மூன்றாவது வழி, மாற்று உற்பத்தியாளர்கள் செய்யும் பாகங்களை ஒரே பெட்டியாக வாங்கி வீட்டில் வைத்துக் கோப்பது. இந்த மூன்றாவது வழியைப் பற்றித்தான் எழுதுகிறேன். இதைப் பணம் மிச்சம் பிடிக்கும் வழியாக மட்டும் பார்க்கக் கூடாது. ஒரு மெஷினை முதல் ஆணியிலிருந்து கோத்தவருக்கு, அது விளை நடுவில் நின்றுபோனால் எங்கே கை வைக்க வேண்டும் என்பது தெரியும்.

முதலில் எந்த மெஷின் என்று முடிவு செய்ய வேண்டும். பெட்டியாகக் கிடைப்பவை பெரும்பாலும் ஸ்டில் கம்பெனியின் பழைய மாடல்களை ஒத்தவை. 660-ஐ ஒத்தது 91.6 சிசி, பாரும் செயினும் இல்லாமலே அசல் எடை 7.3 கிலோ. அயனியும் தேக்கும் பலகையாக அறுப்பவருக்கு அது சரி. ரப்பருக்கு அவ்வளவு வேண்டாம். 440-ஐ ஒத்தது 70.7 சிசி, சிலிண்டர் துளை 50 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓட்டம் 36 மில்லிமீட்டர், அசல் எடை 6.3 கிலோ. மேட்டு விளையில் பகல் முழுக்கத் தூக்கி நடக்க அந்த ஒரு கிலோ வித்தியாசம் பெரியது. 20 அங்குல பார் போட்டால் நம் ரப்பர் மரம் எதையும் அறுத்துவிடலாம். ஆகவே 440.

பெட்டி வந்ததும் முறுக்கத் தொடங்கிவிடக் கூடாது. வெள்ளைத் துணி விரித்து எல்லாவற்றையும் பரப்பி, பாகங்களின் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு ஐந்து பொருட்களைத் தனியாக எடுத்து வையுங்கள்: கிராங்க் பேரிங், ஆயில் சீல், பிஸ்டன் ரிங், பிஸ்டன் பின்னைப் பிடிக்கும் சர்க்லிப், பெட்ரோல் குழாய். மாற்றுப் பாகங்களில் அதிகம் காலை வாருபவை இவைதான். இவற்றை நல்ல தயாரிப்பில் தனியாக வாங்கிவிட வேண்டும் என்பது என் கட்சி. சர்க்லிப் ஒன்று கழன்றால் சிலிண்டர் சுவரில் கோடு விழும். பிறகு சிலிண்டரும் பிஸ்டனும் சேர்ந்தே குப்பைக்குப் போகும்.

கருவிகளும் அதிகம் வேண்டாம். இந்த மெஷினில் திருகுகள் பெரும்பாலும் ஸ்டார் தலை; 27-ம் நம்பர் கீ, நீளமான பிடியோடு. ஒரு ஃபீலர் கேஜ், டார்க் ரெஞ்ச், ரப்பர் சுத்தியல், உருட்டு அரம், மீட்டர் வைத்த கை பம்ப். அந்தப் பம்பை மட்டும் பலரும் தேவையில்லை என்று ஒதுக்குவார்கள். ஒதுக்காதீர்கள். காரணம் பின்னால் வரும்.

சிலிண்டரை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பாருங்கள். புகை வெளியேறும் வாயும் கலவை நுழையும் வாய்களும் கூரிய விளிம்போடு இருந்தால், ரிங் ஒவ்வொரு முறை கடக்கும்போதும் அங்கே சிக்கும். மெல்லிய உப்புத்தாளை விரலில் சுற்றி விளிம்பை மட்டும் மழுக்க வேண்டும். சுவரின் பூச்சைத் தொடக் கூடாது. அடுத்து ரிங்கைத் தனியாகச் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, ரிங்கின் இரண்டு முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்து பாருங்கள். 50 மில்லிமீட்டர் துளைக்கு ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர் இருந்தால் நிம்மதி. பிறகு எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, எண்ணெய் தடவி வையுங்கள். வார்ப்பில் ஒட்டியிருக்கும் உலோகத் துகள் ஒன்று போதும், புது பேரிங்கைக் கெடுக்க.

இனி கிராங்க் கேஸ். இரண்டு பாதியாக வரும் இதன் குழிகளில் பேரிங்கை உட்கார வைப்பதுதான் முதல் பெரிய வேலை. சுத்தியலால் அடித்து இறக்கினால் பேரிங்கும் போகும், குழியும் போகும். கேஸ் மெக்னீசியம் கலவை, பேரிங் எஃகு. சூட்டில் மெக்னீசியம், எஃகைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமாக விரியும். 35 மில்லிமீட்டர் குழி ஒன்றை 80 டிகிரி கூடுதலாகச் சூடேற்றினால் அது சுமார் 0.07 மில்லிமீட்டர் அகலும். அது தாராளம். முந்தின நாள் இரவே பேரிங்கை பிளாஸ்டிக் உறையில் சுற்றி ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். கேஸ் பாதியைக் கிறிஸ்துமஸ் கேக் சுடும் ஓவனிலோ ஹீட் கன்னாலோ 110 டிகிரி அளவுக்குச் சூடாக்குங்கள். ஸ்டவ் தீயில் காட்டவே கூடாது. மெக்னீசியம் துகள் பற்றிக்கொண்டால் அணைப்பது கஷ்டம். சூடும் குளிரும் சந்திக்கும்போது பேரிங் தானாக இறங்கி உட்காரும். அதே சூட்டோடு கிராங்கையும் செருகி, நடுவில் கேஸ்கட் வைத்து, இரண்டு பாதியையும் சேர்த்துத் திருகுகளைக் குறுக்குக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். ஆறியபின் கிராங்கை விரலால் சுற்றிப் பாருங்கள். ஒரு பக்கம் இறுகினால் கிராங்கின் முனையில் ரப்பர் சுத்தியலால் இலேசாக ஒரு தட்டு, விட்டுக்கொடுக்கும். சிலிண்டர் உட்காரும் முகத்தில் கேஸ்கட் நீட்டிக்கொண்டிருந்தால் பிளேடால் சமமாக அரிந்துவிடுங்கள். ஆயில் சீல்களை உதட்டில் கிரீஸ் தடவி நேராக இறக்குங்கள்.

மார்த்தாண்டம் பக்கத்தில் மெஷின் வாள் பட்டறை வைத்திருக்கும் ஆசான் ஒருவரிடம், இந்த வேலையில் எது முக்கியம் என்று கேட்டேன். “மக்கா, நட்டு முறுக்க எல்லாருக்கும் தெரியும். காத்து போகாம அடைக்கத் தெரியணும்” என்றார். முழு வேலையும் அந்தச் சொல்லில் அடங்கிவிட்டது. இது டூ ஸ்ட்ரோக் எஞ்சின். தனியாக எஞ்சின் ஆயில் கிடையாது. பெட்ரோலில் கலந்த ஆயில்தான் பேரிங்கையும் பிஸ்டனையும் நனைக்கிறது. கலவை முதலில் கிராங்க் கேஸுக்குள்தான் உறிஞ்சப்படுகிறது. எங்காவது ஒரு கேஸ்கட், ஒரு சீல், ஒரு ரப்பர் குழாய் வழியாக வெளிக்காற்று உள்ளே போனால் பெட்ரோலின் பங்கு குறையும், கூடவே ஆயிலும் குறையும். எஞ்சின் வழக்கத்தைவிட வேகமாக, பலமாக ஓடுவதுபோல் தோன்றும். சில நிமிடங்களில் பிஸ்டன் சூடேறி சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும்.

பிஸ்டனைக் கோக்கும்போது தலையில் உள்ள அம்புக்குறி சைலன்ஸர் பக்கம் பார்க்க வேண்டும். சர்க்லிப்பின் வாய் மேலேயோ கீழேயோ இருக்கட்டும், பக்கவாட்டில் வேண்டாம். ரிங்கின் முனைகள், காடியில் உள்ள சின்னக் குச்சியின் இரு பக்கமும் அமர்ந்திருக்கின்றனவா என்று பார்த்து, ஆயில் தடவி, ரிங்கை விரலால் அமுக்கி, சிலிண்டரைத் திருகாமல் நேராக இறக்குங்கள். பிறகு ஓர் அளவு. பிளக் ஓட்டை வழியாக சால்டர் கம்பியைச் சிலிண்டர் சுவர் வரை நீட்டி, கிராங்கை ஒரு சுற்றுச் சுற்றினால் பிஸ்டன் அதை நசுக்கும். நசுங்கிய இடத்தின் தடிமன்தான் பிஸ்டனுக்கும் சிலிண்டர் மண்டைக்கும் நடுவே மிச்சமுள்ள இடம். 0.5 மில்லிமீட்டருக்குக் குறையவே கூடாது. அதிகப் பலம் கிடைக்கும் என்று அடி கேஸ்கட்டை எடுத்துவிடச் சொல்பவர்கள் உண்டு. அளக்காமல் அதைச் செய்வது ஆபத்து.

இப்போது அந்தக் கை பம்ப். சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை வைத்து அதன் மேல் சைலன்ஸரை முறுக்கினால் புகைவாய் அடைபடும். கார்புரேட்டர் வரும் வாயையும் அப்படியே அடையுங்கள். பிளக்கைப் போட்டு, கார்புரேட்டருக்குத் துடிப்பைக் கொண்டுபோகும் சிறு குழாயில் பம்பைச் செருகி 0.5 பார் அழுத்தம் ஏற்றுங்கள். மீட்டர் முள் அசையாமல் நிற்க வேண்டும். இறங்கினால் சோப்பு நுரையைச் சேர்மானங்களில் தடவுங்கள். குமிழி வரும் இடம் குற்றவாளி. கிராங்கை மெதுவாகச் சுற்றியபடியும் பாருங்கள். சில சீல்கள் ஒரு கோணத்தில் மட்டும் கசியும். அடுத்து பம்பைத் திருப்பி உறிஞ்சிப் பாருங்கள். அழுத்தத்துக்குத் தாங்கும் சீல், உறிஞ்சும்போது உதடு தூக்கிக் காற்றை விடுவது உண்டு. இந்த இரண்டு சோதனையும் தேறாமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள். அரை மணி நேரம் இதில் போனால், ஒரு சிலிண்டரும் பிஸ்டனும் மிச்சம்.

மேக்னெட்டுப் பக்கம் எளிது. கிராங்கின் கூம்பு முனையில் எண்ணெய்ப் பசை இருக்கக் கூடாது. தின்னரால் துடைத்து, சாவி சரியாக உட்கார்ந்ததும் நட்டை முறுக்குங்கள். இக்னிஷன் காயிலுக்கும் மேக்னெட்டுக்கும் இடையே 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர்; விசிட்டிங் கார்டை நடுவில் வைத்து முறுக்கி, பிறகு கார்டை உருவுவது பட்டறை வழக்கம். மறுபக்கம் ஆயில் பம்ப், அதை ஓட்டும் திருகுப் பல், கிளட்ச், டிரம். கிளட்சுக்கு இடது மரை என்பதை மறக்க வேண்டாம். டேங்கும் கைப்பிடியும் ரப்பர் புஷ்களோடு சேரும் இடத்தில் குழாய்கள் மடங்காமல் பாருங்கள்.

பாரும் செயினும் பேசி வாங்க வேண்டியவை. 3/8 அங்குல பிட்ச், 1.6 மில்லிமீட்டர் காடி, 20 அங்குல பாருக்கு 72 ஓட்டுப் பல். அமெரிக்காவின் ஓரிகானில் ஜோ காக்ஸ் என்ற மரம்வெட்டி, மரத்தை இடமும் வலமும் மாறி மாறிக் குடையும் வண்டுப் புழுவின் தாடையைப் பார்த்து 1947-ல் செய்ததே இன்றைய செயின் பல்லின் மூலம். 3/8 செயினுக்கு 5.2 மில்லிமீட்டர் உருட்டு அரம், 30 டிகிரி சாய்வு. ரப்பர் பால் பார் காடியிலும் கிளட்ச் மூடியிலும் உறைந்து ஒட்டிக்கொள்ளும். தினமும் வேலை முடிந்ததும் சுரண்டி எடுக்காவிட்டால் செயினுக்கு ஆயில் போகும் ஓட்டை அடைபட்டு, பார் நீலம் பாய்ந்துவிடும்.

பெட்ரோலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். இரண்டு பருவமழையும் பெய்யும் நம் மாவட்டத்தில் அது சின்ன விஷயமல்ல. கார்புரேட்டரின் டயாஃப்ரமும் மலிவுக் குழாயும் அதில் விறைத்துப்போகும். அன்றன்று வேண்டியதை மட்டும் கலந்து, வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, மீதிப் பெட்ரோல் தீரும்வரை ஓடவிட்டு நிறுத்துங்கள். சாதாரண டூ டி ஆயில் என்றால் லிட்டருக்கு 40 மில்லி.

முதல் ஸ்டார்ட்டுக்கு கார்புரேட்டரின் இரண்டு ஊசித் திருகுகளையும் இலேசாக மூடி, ஒவ்வொரு சுற்றுத் திறந்து வையுங்கள். கயிற்றை இழுத்து எஞ்சின் பிடித்ததும் சூடேறவிட்டு, ஐடிலில் செயின் நகராதபடி ஐடில் திருகை அமையுங்கள். பிறகு வேகத் திருகு. முழு ஆக்ஸிலேட்டரில், மரத்தைத் தொடாதபோது ஓசை கொஞ்சம் தடுமாற வேண்டும். மரத்தில் இறங்கியதும் அந்தத் தடுமாற்றம் தெளிய வேண்டும். தொடாதபோதே வீலென்று கத்தினால் பெட்ரோல் போதவில்லை. உடனே திருகைத் திறவுங்கள். டாகோமீட்டர் இருந்தால் 13,500 சுற்றைத் தாண்ட விடாதீர்கள். முதல் மூன்று டேங்க் வரை, இப்படிச் சரிபார்க்கும் சில நொடிகள் தவிர, பாரமில்லாமல் முழு வேகத்தில் ஓட்டக் கூடாது.

விளைக்குப் போகுமுன் செயின் பிரேக்கைச் சோதியுங்கள். முழு வேகத்தில் முன் கைக்காப்பைத் தள்ளினால் செயின் உடனே நிற்க வேண்டும். எஞ்சினை அணைத்துவிட்டு, பின்பிடியை மட்டும் பிடித்து பாரின் மூக்கை ஒரு மரக்கட்டையின் மேல் விழவிட்டால், பிரேக் தானாக விழ வேண்டும். மூக்கின் மேல்பாதி எதிலாவது பட்டால் மெஷின் கண்ணிமைக்கும் நேரத்தில் முகத்தை நோக்கித் திரும்பும். அந்த நேரத்தில் காப்பாற்ற இருப்பது இந்த ஒரு பிரேக் பட்டைதான். மாற்றுப் பாகமாக வரும் பிரேக் ஸ்பிரிங்கும் பட்டையும் தளர்வாகத் தெரிந்தால் அசல் பாகம் வாங்கிப் போடுங்கள். அதில் கணக்குப் பார்க்கக் கூடாது.

தினமும் மரம் வெட்டிப் பிழைப்பவருக்கு இந்தப் பெட்டி மெஷினை நான் சொல்லமாட்டேன். அவருக்கு வாரண்டியும் சர்வீஸ் சென்டரும் உள்ள மெஷின்தான் சரி. சொந்தமாக ஓர் ஏக்கர் இரண்டு ஏக்கர் ரப்பரும், கற்றுக்கொள்ளும் ஆசையும், அளந்து பார்க்கும் பொறுமையும் உள்ளவர் தாராளமாக இறங்கலாம். மெஷினில் மிச்சம் பிடித்த பணத்தில் கண்காப்புள்ள ஹெல்மெட்டும், காது மூடியும், செயின் பட்டால் நூல் சிக்கி நிறுத்தும் கால் உறையும் முதலில் வாங்குங்கள். கைலியோடும் ரப்பர் செருப்போடும் மெஷின் வாள் பிடிக்கும் வழக்கம் நம்மோடு நிற்கட்டும்.