மேலும் கீழும் இல்லாத நீரில்

1994-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், கொலம்பியா விண்வெளி ஓடத்தில் ஏழு மனிதர்களோடு, ஜப்பானிய நெல்வயல்களிலும் வாய்க்கால்களிலும் திரியும் மெடாக்கா என்னும் சிறு மீன்களில் ஆண் இரண்டும் பெண் இரண்டும் பிரயாணம் செய்தன. எடை தோன்றாத அவ்விடத்தில் மீன்கள் இணையுமா, இணைந்தாலும் கரு முறைப்படி வளருமா என்று அறிய விரும்பி அவற்றை அனுப்பியவர், டோக்கியோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெனிச்சி இஜிரி.

மீனின் செவிக்குள் இருக்கும் நுண்ணிய சுண்ணாம்புக் கல், பூமியின் ஆகர்ஷணத்தால் தனக்கு அடியிலுள்ள மெல்லிய மயிர்களின்மேல் அழுந்தி, எது மேல், எது கீழ் என்பதை ஓயாது உணர்த்திக்கொண்டிருக்கிறது. அந்த அழுத்தம் நீங்கியதும் சாதாரண மீன்கள் திசை மயங்கிச் சக்கரம்போல் சுழலுமாதலால், அவை கூடுவது அரிது. ஆகவே இஜிரி, விமானத்தை ஏற்றிச் சரியவிட்டுச் சில விநாடிகள் எடையின்மையை உண்டாக்கி, அப்போதும் சுழலாமல் கண்பார்வையின் துணையால் நிலைகொள்ளும் ஒரு வமிசத்தைத் தேடிக் கண்டார். அந்தப் பொறுமைதான் இந்தப் பரிசோதனைக்கு ஜீவநாடி என்பது என் எண்ணம்.

மீன்கள் கூடின, 43 முட்டைகள் இட்டன, எட்டுக் குஞ்சுகள் அங்கேயே பொரிந்தன, தரையிறங்கிய பின் இன்னும் முப்பது பொரிந்தன. கண்ணும் முதுகெலும்பும் இருதயமும் எடையின் உதவியை வேண்டாமலே உருவாகிவிட்டன என்பதை எண்ணுந்தோறும் எனக்கு ஆச்சரியம் தணிவதில்லை.

ஆயினும் உருவாவது ஒன்று, வாழப் பழகுவது வேறொன்று. 1992-இல் என்டெவர் ஓடத்தில், விண்வெளியிலேயே கருவுற்ற ஆப்பிரிக்கத் தவளை முட்டைகளிலிருந்து தலைப்பிரட்டைகள் குறையின்றிப் பிறந்தன. ஆனால் அவற்றின் நுரையீரல்கள் விரியாமல் சுருங்கியே கிடந்தன. பூமியில் தலைப்பிரட்டை நீர்மட்டத்துக்கு எழுந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கித் தன் நுரையீரலை நிரப்பிக்கொள்கிறது. மேலென்று ஒரு திக்கே இல்லாதபோது, அந்தச் சிற்றுயிர் எங்கே எழும், எந்தக் காற்றைத் தேடும்? பூமிக்கு வந்தபின் காற்றை விழுங்கிச் சில நாட்களில் அவை தேறின. 1991-இல் விண்வெளியில் வளர்ந்த சொறி மீன்களிலோ, திரும்பிய பின் உடலைச் சுருக்கி விரித்து நீந்தும் அசைவில் பிழை கண்டவை அதிகம்.

மெடாக்கா மீன்கள் நான்கும், பதினைந்து நாட்கள் சென்று திரும்பியதும், தம் சொந்த நீரில் மேலெழும் வகை அறியாதவைபோல் தொட்டியின் அடியிலேயே தங்கின. பிறகு மெல்ல மெல்ல, முன்போல் நீந்தத் தொடங்கின.