பொன்முடி அட்டை

கல்லாறு தாண்டியதும் கேரளத்தின் பொன்முடிச் சாலையில் 22 கொண்டை ஊசி வளைவுகள். மழைக்காலத்தில் அங்கே காட்டுக்குள் நடக்க நினைப்பவரை யானையைவிட அதிகம் தயங்கவைப்பது அட்டை. கந்துவட்டிக்காரரைத் திட்டவும் அதைத்தானே இழுக்கிறோம்! இலங்கையில் 1818 கண்டிக் கிளர்ச்சியை அடக்கப் போன மதராஸ் சிப்பாய்களில் பலர் அட்டைக்கடியால் மாண்டதாகவே அங்கே ஆங்கிலேய அதிகாரியாக இருந்த எமர்சன் டெனன்ட் எழுதிவைத்தார். புண் சீழ்வைத்துச் செத்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

காட்டட்டை தேடி அலைவதில்லை. வாலிலுள்ள உறிஞ்சியை இலையில் ஊன்றி, உடம்பை நீட்டித் துழாவியபடி நிற்கும். நிலத்தின் அதிர்வு, உடல் சூடு, மூச்சில் வரும் கரியமில வாயு ஆகியவை ஆள் வருவதைச் சொல்லிவிடும். ஐந்து ஜோடிக் கண்களும் உண்டு. காலில் ஏறியதும் மூன்று தாடைகளால் தோலைக் கீறும். கடித்தது பெரும்பாலும் தெரியாது. காலுறை சிவந்த பிறகுதான் அலறுவோம்.

அந்தச் சிவப்புக்குக் காரணம் அட்டை குடித்த அளவு அல்ல, அதன் எச்சில். இரத்தத்தை உறையவைக்கும் திராம்பின் என்ற நொதியை எச்சிலிலுள்ள ஹிருடின் போன்ற பொருள் பிடித்து முடக்கிவிடும். அதனால் அட்டை வயிறு நிரம்பித் தானாக விழுந்த பிறகும் இரத்தம் கசிந்துகொண்டே இருக்கும். அட்டையிடம் இப்படி ஒரு பொருள் இருப்பதை 1884இல் ஜான் ஹேக்ராஃப்ட் கண்டறிந்தார். ஹிருடினை முன்மாதிரியாக வைத்துச் செய்த பைவாலிருடின் என்ற மருந்து, இன்று இதயக்குழாய் அடைப்பை நீக்கும்போது கொடுக்கப்படுகிறது. சித்த மருத்துவர்கள் நீரட்டையைக் கடிக்கவிடுவது பழைய வழக்கம்; அமெரிக்க மருந்துத் துறையும் 2004இல் மருத்துவ அட்டைக்கு அனுமதி தந்தது. வெட்டுண்டு மீண்டும் ஒட்டவைத்த விரலில் தேங்கும் இரத்தத்தை வடிக்க அது உதவுகிறது.

உப்போ புகையிலையோ முன்கூட்டியே காலுறையில் தடவிக்கொள்ளலாம். ஒட்டிய பிறகு உப்பு போடுவதும் நெருப்பு வைப்பதும் வேண்டாம்; வயிற்றிலிருப்பதைப் புண்ணிலேயே கக்கிவிடும். ஒல்லியான முனைக்கடியில் நகத்தை நுழைத்து நெம்பினால் விட்டுவிடும். பிறகு கழுவி அழுத்திப் பிடித்தால் போதும்.

காட்டுயிர் ஆய்வாளர்களுக்கோ அட்டை வேண்டப்பட்டவர். குடித்த இரத்தத்தின் டி.என்.ஏ. அதன் வயிற்றில் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும். வியட்நாம் மலைக்காட்டில் பிடித்த 25 அட்டைகளைச் சோதித்து 2012இல் வெளியான ஆய்வில், 21இல் பாலூட்டிகளின் தடயம் கிடைத்தது. தானியங்கிக் கேமராக்கள் வைத்தும் சிக்காத அன்னமைட் வரிமுயலும் அவற்றில் ஒன்று.